தேடுபொறியில் உங்கள் இணையதளம்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

இணையதளம் வைத்திருக்கும் வாசகர்களிடம், தேடுபொறி தொடர்பான ஐயங்களை எழுதி அனுப்புமாறு சென்ற இதழில் கேட்டிருந்தோம். வந்த கடிதங்களில் பெரும்பாலானவை கூகுளில் முதலிடம் பிடிப்பது எப்படி என்றே கேட்டிருந்தன. ஆனால் அவரவர் தளத்தைத் திறந்து பார்த்தபோது, பலருக்கும் சிக்கல் அதற்கு முந்தைய படியிலேயே இருந்தது. அப்பக்கங்களை எடுத்துச் செல்லவோ படிக்கவோ கூகுளுக்கு வழியில்லை. படிக்க முடியாத பக்கத்தை எந்த உத்தியாலும் மேலே கொண்டுவர இயலாது என்பதால், அவ்வகைக் கேள்விகளுக்கு இங்கே கூடுதல் இடம் ஒதுக்கியிருக்கிறோம்.

கேள்வி: சுங்குடிப் புடவைகளை நேரடியாக விற்பதற்காக வேர்டுபிரஸில் ஒரு தளம் அமைத்தோம். மூன்று மாதங்கள் ஆகியும், கடையின் பெயரை முழுதாகத் தட்டச்சு செய்து தேடினால்கூடத் தளம் வருவதில்லை. கூகுளுக்குக் கட்டணம் செலுத்த வேண்டுமா?
– வாசகி, சின்னாளப்பட்டி

பதில்: தேடல் முடிவுகளில் இடம்பெறுவதற்குக் கூகுள் யாரிடமும் கட்டணம் வாங்குவதில்லை. அதற்காகப் பணம் கேட்டு யாரேனும் அழைத்தால் கொடுக்காதீர்கள்.

முதலில், உங்கள் தளம் கூகுளின் பட்டியலில் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். தேடல் பெட்டியில் 'சைட்' என்ற சொல்லை ஆங்கில எழுத்துகளில் இட்டு, அதையடுத்து முக்காற்புள்ளி வைத்து, இடைவெளி விடாமல் உங்கள் தள முகவரியைச் சேர்த்துத் தேடுங்கள். உங்கள் பக்கங்கள் வரிசையாக வந்தால் தளம் பட்டியலில் இருக்கிறது, தர வரிசையில்தான் பின்தங்கியிருக்கிறது என்று கொள்ளலாம். ஒன்றுமே வராவிட்டால், பெரும்பாலும் பட்டியலிலேயே இல்லை.

உங்கள் தளத்துக்கு ஒன்றுமே வரவில்லை. காரணத்தையும் பார்க்க முடிந்தது. வேர்டுபிரஸின் அமைப்புகளில் 'ரீடிங்' என்ற பகுதிக்குச் சென்றால், தேடுபொறிகள் இத்தளத்தைப் பட்டியலிட வேண்டாம் என்று கேட்டுக்கொள்ளும் ஒரு கட்டம் இருக்கும். தளத்தை உருவாக்கிக்கொண்டிருக்கும் நாட்களில், அரைகுறையான பக்கங்கள் வெளியே தெரியக் கூடாது என்பதற்காக வடிவமைப்பாளர்கள் அதில் டிக் செய்து வைப்பார்கள். வேலை முடிந்து ஒப்படைக்கும்போது அதை எடுக்க மறந்துவிடுவது மிகப் பரவலாக நடப்பது. அந்த டிக் இருக்கும்வரை ஒவ்வொரு பக்கத்தின் நிரலிலும் 'நோ-இன்டெக்ஸ்' என்னும் கட்டளை அமர்ந்திருக்கும்; கூகுள் அதை மதித்து உங்களை விலக்கியே வைக்கும். டிக்கை நீக்கிச் சேமித்துவிடுங்கள்.

இதன் தொடர்பாக ஒரு விளக்கமும் தேவைப்படுகிறது. தளத்தின் முதன்மைக் கோப்புறையில் இருக்கும் ரோபாட்ஸ் கோப்பும் நோ-இன்டெக்ஸ் கட்டளையும் ஒரே வேலையைச் செய்கின்றன என்று பலர் நினைக்கிறார்கள். 1994-இல் மார்ட்டின் கோஸ்டர் முன்மொழிந்த ரோபாட்ஸ் கோப்பு, 'இந்தப் பக்கத்துக்குள் வராதே' என்று மட்டுமே சொல்கிறது. வேறு தளங்களிலிருந்து இணைப்பு இருந்தால், உள்ளே வராமலேயே அந்த முகவரியைக் கூகுள் பட்டியலில் சேர்த்துவிடக்கூடும். ஒரு பக்கத்தைத் தேடலிலிருந்து நீக்க விரும்புபவர்கள் நோ-இன்டெக்ஸைப் போட்டுவிட்டு, அதே பக்கத்தை ரோபாட்ஸ் கோப்பிலும் தடுத்துவிட்டால், கூகுள் உள்ளே வந்து அந்தக் கட்டளையைப் படிக்கவே முடியாமல் போகும்.

அடுத்து, உங்கள் தளம் தேடலில் எப்படி இருக்கிறது என்று காட்டும் கூகுள் சர்ச் கன்சோலில் உங்கள் தளத்தைப் பதிவு செய்யுங்கள். இது முற்றிலும் இலவசம். உரிமையைச் சரிபார்த்ததும், தளத்தின் பக்கங்களைப் பட்டியலிடும் கோப்பான சைட்மேப்பின் முகவரியைக் கொடுங்கள். வேர்டுபிரஸ் அதைத் தானாகவே உருவாக்கித் தருகிறது. பிறகு முகப்புப் பக்கத்தையும் முதன்மையான நான்கைந்து பக்கங்களையும் முகவரிச் சோதனைக் கருவியில் இட்டு, பட்டியலிடக் கோருங்கள். சில நாட்களிலிருந்து சில வாரங்கள்வரை ஆகலாம். ஒரே பக்கத்துக்குத் திரும்பத் திரும்பக் கோருவதால் விரைவு கூடாது.

உங்கள் தளத்தில் இன்னொன்றையும் கவனித்தோம். புடவையின் விவரம் முழுவதும் வாட்ஸ்அப்பில் அனுப்பும் விளம்பர அட்டையைப் போலப் படத்துக்குள்ளேயே எழுதப்பட்டிருக்கிறது. பக்கத்தில் எழுத்தாக இருப்பது விலை மட்டும்தான். பருத்தி எத்தகையது, முடிச்சுப் போட்டுச் சாயமிட்டதா அல்லது அச்சிட்டதா, ரவிக்கைத் துணி உண்டா, முதல் துவைப்பில் சாயம் எந்த அளவுக்கு இறங்கும் என்பவற்றை ஒவ்வொரு புடவையின் கீழும் சொற்களாக எழுதுங்கள். கடையில் எதிரே அமர்ந்திருக்கும் வாடிக்கையாளருக்கு நீங்கள் வாயால் சொல்வது எதுவோ, அதுவே பக்கத்தில் இருக்க வேண்டும்.

கேள்வி: எங்கள் ஊரின் வரலாறு, கோயில்கள், பள்ளிகள், புலம்பெயர்ந்தோரின் நினைவுக் குறிப்புகள் ஆகியவற்றை 2001 முதல் ஒரு தளத்தில் தொகுத்து வருகிறேன். 400-க்கும் மேற்பட்ட பக்கங்கள் உள்ளன. ஆனால் ஊரின் பெயரைத் தமிழில் தேடினால் எங்கள் தளம் ஒருபோதும் வருவதில்லை. நேற்று எழுதப்பட்ட நான்கு வரிக் குறிப்புகள்கூட வருகின்றன. ஏன்?
– ஓய்வு பெற்ற ஆசிரியர், யாழ்ப்பாணம்

பதில்: உங்கள் தளத்தின் பழைய பக்கங்கள் பாமினி எழுத்துருவில் உள்ளன. அக்காலத்தில் வேறு வழி இருக்கவில்லை. பாமினி போன்ற எழுத்துருக்கள், ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை வரைந்து காட்டுபவை. திரையில் தமிழாகத் தெரிந்தாலும், கோப்பினுள் சேமிக்கப்பட்டிருப்பது ஆங்கில எழுத்துகளும் நிறுத்தற்குறிகளும்தான். தேடுபொறி எழுத்துருவைப் பார்ப்பதில்லை, உள்ளே இருப்பதையே படிக்கிறது. ஆகவே 400 பக்கத் தமிழ் வரலாறு அதற்குப் பொருளற்ற ஆங்கில எழுத்துக் குவியலாகவே தெரிகிறது. பெரும்பாலான கைபேசிகளிலும் அந்த எழுத்துரு இல்லாததால், இளைய தலைமுறை வாசகர்களுக்கும் அதே நிலைதான்.

இதற்கு ஒரே தீர்வு, தமிழ் எழுத்துகளைத் தமிழாகவே சேமிக்கும் பொதுக் குறியேற்றமான யூனிகோடுக்கு மாற்றுவது. என்.எச்.எம். கன்வெர்ட்டர் போன்ற மாற்றிகள் பல கிடைக்கின்றன. மாற்றும்போது கவனிக்க வேண்டியவற்றைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. இந்த வேலையை ஒரு முறைதான் செய்வீர்கள், அதைச் சரியாகச் செய்துவிட வேண்டும்.

முழுக் கோப்பையும் அப்படியே மாற்றியில் இட்டால், பக்கத்தின் நிரல் கட்டளைகள், மின்னஞ்சல் முகவரிகள், நடுவே வரும் ஆங்கிலப் பெயர்கள் எல்லாம் உருக்குலைந்த தமிழாகிவிடும். கட்டுரைப் பகுதியை மட்டும் தனியே எடுத்து மாற்றுங்கள். பக்கத்தின் தலைப்பகுதியில் பழைய எழுத்துக் குறியேற்றம் அறிவிக்கப்பட்டிருந்தால் அதை யூனிகோடுக்கான யூடிஎஃப்-8 என்று திருத்துங்கள். பாமினி என்று எழுத்துருவைக் குறிப்பிடும் கட்டளைகளையும் நீக்குங்கள். பாமினியில் அரைப்புள்ளி இருக்க வேண்டிய இடத்தில் மெய்யெழுத்தின் புள்ளி அமர்ந்திருக்கிறது. அந்தக் கட்டளைகளை விட்டுவைத்தால், அந்த எழுத்துருவை நிறுவியிருக்கும் பழைய கணினிகளில், நீங்கள் இடும் அரைப்புள்ளியெல்லாம் மேற்புள்ளியாகிவிடும்.

மாற்றிய பிறகு ஔகார எழுத்துகளைத் தேடித் திருத்துங்கள். பழைய எழுத்துருக்களில் ஔகாரத்தின் பின்பாதிக்கும் 'ள' என்ற எழுத்துக்கும் வடிவம் ஒன்றே என்பதால், 'மௌனம்' என்பது 'மெளனம்' என்றும் 'கௌரி' என்பது 'கெளரி' என்றும் மாறிவிடும். கண்ணுக்கு வேறுபாடு எளிதில் புலப்படாது. கணினிக்கு இவை வெவ்வேறு சொற்கள். கோயில் வரலாற்றில் கௌரி அம்மனும் கௌமாரியும் வராமல் இருக்க மாட்டார்கள் அல்லவா? அவ்வாறே 'ஸ்ரீ' என்ற எழுத்தும் யூனிகோடில் இரு வேறு வழிகளில் சேமிக்கப்படுகிறது. கோயில் பெயர்களைப் பொறுத்தவரை, ஒரே வழியைத் தளம் முழுவதும் பின்பற்றுங்கள்.

பக்கங்களின் முகவரிகளை மாற்றாதீர்கள். அதே முகவரியில் உள்ளடக்கத்தை மட்டும் மாற்றி வைத்தால், இத்தனை ஆண்டுகளில் பிற தளங்கள் உங்களுக்குக் கொடுத்திருக்கும் இணைப்புகள் அனைத்தும் பயனளிக்கும். நேற்று தொடங்கிய தளத்துக்கு அந்த இணைப்புகள் கிடையாது.

ஸ்கேன் செய்து படமாக ஏற்றியிருக்கும் மலர்களையும் கைப்பிரதிகளையும் முழுதாகத் தட்டச்சு செய்ய இயலாவிட்டால், ஒவ்வொரு படத்தின் கீழும் அதில் வரும் ஊர்ப்பெயர்கள், ஆட்பெயர்கள், ஆண்டு, நிகழ்வு ஆகியவற்றை ஐந்தாறு வரிகளில் எழுதிவிடுங்கள். தேடி வருபவர்கள் பெரும்பாலும் தம் பாட்டனாரின் பெயரையோ படித்த பள்ளியின் பெயரையோதான் தேடுவார்கள். அதோடு, 2005 முதல் இலங்கைத் தமிழ் ஆவணங்களைத் திரட்டிவரும் நூலகம் எண்ணிம நூலகத்தையும் தொடர்புகொள்ளலாம் என்பது எங்கள் தனிப்பட்ட வேண்டுகோள். இத்தகைய தொகுப்பு ஒரே ஒரு ஹோஸ்டிங் கணக்கை நம்பி இருக்கக் கூடாது.

கேள்வி: வீட்டு உபயோகத் துணிகளை ஏற்றுமதி செய்கிறோம். ஒரு நிறுவனம் '30 நாட்களில் கூகுளில் முதலிடம், 1,000 பேக்லிங்க்குகள்' என்று கூறி ஆண்டு ஒப்பந்தம் கேட்கிறது. ஒப்புக்கொள்ளலாமா?
– வாசகர், கரூர்

பதில்: ஒப்புக்கொள்ளாதீர்கள். கூகுளில் முதலிடத்துக்கு எவராலும் உத்தரவாதம் தர முடியாது என்று கூகுளே தன் வழிகாட்டியில் எழுதி வைத்திருக்கிறது. முறையான பணிகளைத் தொடங்கிய பின் பலன் தெரிவதற்குப் பெரும்பாலும் 4 மாதம் முதல் ஓராண்டு வரை ஆகும் என்பதும் கூகுள் தரப்பில் சொல்லப்பட்டிருப்பதே. 30 நாள் வாக்குறுதியை இதனோடு ஒப்பிட்டுக்கொள்ளுங்கள்.

பேக்லிங்க்குகளுக்கு, அதாவது பிற தளங்கள் உங்கள் தளத்துக்குத் தரும் இணைப்புகளுக்கு, மதிப்பு உண்டு என்பது உண்மைதான். 1998-இல் லாரி பேஜும் செர்கே பிரின்னும் கூகுளைத் தொடங்கியபோதே, ஒரு பக்கத்துக்குப் பிற பக்கங்கள் தரும் இணைப்புகளை வைத்து அதன் மதிப்பைக் கணிக்கும் பேஜ்ரேங்க் முறைதான் அவர்களின் வலிமையாக இருந்தது. அதனாலேயே இணைப்பு விற்பனை ஒரு தொழிலாகப் பெருகியது. அதைக் கட்டுப்படுத்த 2012 ஏப்ரலில் பெங்குவின் என்ற மாற்றத்தைக் கூகுள் கொண்டுவந்தபோது, விலைக்கு வாங்கிய இணைப்புகளை நம்பியிருந்த தளங்கள் கடுமையாகச் சரிந்தன. இன்று பெரும்பாலும் அத்தகைய இணைப்புகளைக் கணக்கில் சேர்க்காமல் விட்டுவிடுகிறது. அதாவது, உங்கள் பணம் வீண். அளவு மீறினால் கூகுளின் பணியாளர்கள் நேரடியாகத் தண்டனை விதிப்பதும் உண்டு. அது சர்ச் கன்சோலில் அறிவிப்பாக வரும்.

உதவிக்கு ஆள் தேவை என்றால், அமர்த்துவதற்கு முன் அவரிடம் இரண்டு கேள்விகளைக் கேளுங்கள்: எங்கள் தளத்தின் எந்தப் பக்கத்தில் என்ன குறை கண்டீர்கள்? அதைச் சரிசெய்ததும் எந்த அளவீட்டில் மாற்றம் தெரியும்? தளத்தைப் பார்த்தவருக்கு இவற்றுக்குப் பதில் இருக்கும். டொமைன் பெயர், ஹோஸ்டிங், சர்ச் கன்சோல் மூன்றும் உங்கள் நிறுவனத்தின் மின்னஞ்சலில், உங்கள் பெயரில் இருக்க வேண்டும். வெளியாளுக்குப் பயனர் அனுமதி மட்டும் கொடுங்கள். டொமைனை அவர் பெயரில் பதிவு செய்யவிட்டால், உறவு முறியும் நாளில் தளமே உங்கள் கையில் இருக்காது.

உங்கள் தொழிலுக்கு இயல்பான இணைப்புகள் எளிதாகக் கிடைக்கும். நீங்கள் பங்கேற்கும் கண்காட்சிகளின் உறுப்பினர் பக்கம், ஏற்றுமதியாளர் சங்கத்தின் பட்டியல், உங்கள் சரக்கை வாங்கும் நிறுவனங்களின் தளம் ஆகியவற்றில் உங்கள் முகவரி இருக்கிறதா என்று பாருங்கள். அத்தகைய ஐந்து இணைப்புகள் போதும், விலைக்கு வாங்கும் 1,000 வேண்டியதில்லை.

கேள்வி: தமிழில் சமையல் குறிப்புகள் எழுதுகிறேன். பக்க முகவரி தமிழில் இருக்கலாமா? பலர் தமிழ்ச் சொற்களை ஆங்கில எழுத்தில் தட்டித் தேடுகிறார்களே, அச்சொற்களைப் பக்கத்தின் அடியில் வரிசையாகச் சேர்க்கலாமா?
– வாசகி, கோயம்புத்தூர்

பதில்: முகவரி தமிழில் இருக்கலாம், கூகுள் அதைப் புரிந்துகொள்ளும். நடைமுறையில்தான் ஓர் இடைஞ்சல் உண்டு. தமிழ் முகவரியைப் படியெடுத்துப் பிறருக்கு அனுப்பும்போது அது சதவீதக் குறிகளும் எண்களுமாக விரியும். 'தமிழ்' என்ற சொல் யூனிகோடில் 5 குறிகளால் ஆனது. ஒவ்வொன்றும் 3 பைட்டுகளாகி, ஒவ்வொரு பைட்டும் 3 எழுத்தாக எழுதப்படுவதால், அந்த ஒரு சொல்லே 45 எழுத்துகளாகிவிடும். வாட்ஸ்அப்பில் அப்படி ஒரு நீண்ட சரத்தைக் கண்டால் பலர் ஏதோ ஏமாற்று இணைப்பு என்று அஞ்சித் தொடாமல் விடுகிறார்கள். எனவே புதிய பக்கங்களுக்கு ஆங்கில எழுத்தில் சுருக்கமான முகவரி வைப்பதே நல்லது என்பது எங்கள் கருத்து. ஏற்கெனவே தமிழில் இருப்பவற்றை இதற்காக மாற்ற வேண்டாம்.

அடியில் சொற்களைக் குவிப்பதை விட்டுவிடுங்கள். அது கூகுளின் விதிகளுக்குப் புறம்பானது, வாசகருக்கும் பயனற்றது. பலர் இன்னும் நிரப்பிக்கொண்டிருக்கும் மெட்டா கீவேர்ட்ஸ் பகுதியைத் தர வரிசைக்குப் பயன்படுத்துவதில்லை என்று கூகுள் 2009-லேயே அறிவித்துவிட்டது.

செய்ய வேண்டியது வேறு. சர்ச் கன்சோலின் செயல்திறன் அறிக்கையில், மக்கள் எந்தெந்தச் சொற்களைத் தேடியபோது உங்கள் பக்கம் காட்டப்பட்டது என்ற பட்டியல் இருக்கும். கொங்கு நாட்டு அரிசிம்பருப்பு சாதத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். ஒருவர் 'அரிசி பருப்பு சாதம்' என்று தேடுவார், இன்னொருவர் 'அரிசிம்பருப்பு சோறு' என்பார், வேறொருவர் ஆங்கில எழுத்தில் இதே பெயரை நான்கு விதமாக எழுதுவார். ஊரில் வழங்கும் பெயரைத் தலைப்பில் வையுங்கள். மற்றொரு பெயரை முதல் பத்தியில், 'வெளியூர்களில் இப்படியும் சொல்வார்கள்' என்று இயல்பாக ஒரு முறை சொல்லுங்கள். ஆங்கில எழுத்து வடிவம் முகவரியிலேயே இருக்கிறது. எழுத்துக்கூட்டல் வேறுபாடுகளைப் பெருமளவுக்குக் கூகுளே இணைத்துப் பார்த்துக்கொள்ளும். அதே அறிக்கையில், பலமுறை காட்டப்பட்டும் எவரும் அழுத்தாத பக்கங்களைக் கண்டுபிடித்து அவற்றின் தலைப்பைத் திருத்துங்கள். எவ்வளவு அரிசிக்கு எவ்வளவு பருப்பு, எத்தனை விசில் என்பது தலைப்பிலோ சுருக்கத்திலோ இருந்தால், சமையலறையில் நின்றபடி தேடுபவர் உங்கள் பக்கத்தையே அழுத்துவார்.

கேள்வி: கூகுளில் விளம்பரம் கொடுத்தால் இயல்பான தேடல் முடிவிலும் மேலே வருவோமா?
– வாசகர், ஓசூர்

பதில்: வர மாட்டீர்கள். இரண்டும் தனித்தனி. விளம்பரத்தை நிறுத்திய நாளில் அந்த வருகை நின்றுவிடும். இயல்பான இடம் அதனால் கூடுவதோ குறைவதோ இல்லை.

கேள்வி: தென்னை நாற்றுப் பண்ணை நடத்துகிறோம். வெள்ளை ஈ, வேர் வாடல் பற்றி நாங்கள் எழுதிய கட்டுரைகளைத் தேடி உழவர்கள் நிறைய வந்தார்கள். தளத்தைப் புதிய வடிவத்துக்கு மாற்றிய பின் வருகை நான்கில் ஒரு பங்காகிவிட்டது. வடிவமைத்தவர்கள் 'கூகுள் மாறிவிட்டது' என்கிறார்கள்.
– வாசகர், பொள்ளாச்சி

பதில்: கூகுள் மாறியதாகத் தெரியவில்லை, உங்கள் முகவரிகள்தான் மாறியிருக்கின்றன. பழைய தளத்தில் ஒவ்வொரு கட்டுரைக்கும் ஒரு முகவரி இருந்தது. புதிய தளத்தில் எல்லாவற்றுக்கும் வேறு முகவரி. பழைய முகவரியைத் தட்டினால் 'பக்கம் இல்லை' என்று வருகிறது. சுருள் வெள்ளை ஈ இந்தியாவில் முதன்முதலாக 2016-இல் உங்கள் பொள்ளாச்சிப் பகுதியில்தான் கண்டறியப்பட்டது. பாதிப்பை நேரில் பார்த்தவர்கள் எழுதியது என்பதால் உங்கள் கட்டுரைக்கு எத்தனையோ உழவர் குழுக்களும் வேளாண் தளங்களும் இணைப்புக் கொடுத்திருக்கின்றன. அத்தனை இணைப்புகளும் இப்போது இல்லாத பக்கத்தைக் காட்டிக்கொண்டிருக்கின்றன.

இதை இன்னும் மீட்கலாம். சர்ச் கன்சோல் 16 மாதத் தரவை வைத்திருக்கும். மாற்றத்துக்கு முந்தைய மாதங்களைத் தேர்ந்தெடுத்து, வருகை பெற்ற பக்கங்களின் பட்டியலைப் பதிவிறக்குங்கள். பக்கங்கள் பற்றிய அறிக்கையில் 404 (பக்கம் இல்லை) என்று குறிக்கப்பட்டவற்றையும் அதனோடு சேருங்கள். ஒரு விரிதாளில் முதல் நெடுவரிசையில் பழைய முகவரியும், இரண்டாம் நெடுவரிசையில் அதே கட்டுரையின் புதிய முகவரியும் வருமாறு வரிசைப்படுத்துங்கள். இதை வடிவமைப்பாளரிடம் கொடுத்து, பழைய முகவரிக்கு வருபவரைப் புதிய முகவரிக்கு அனுப்பும் 301 என்னும் நிரந்தர ரீடைரக்ட்டை ஒவ்வொன்றுக்கும் போடச் சொல்லுங்கள்.

சிலர் வேலையைக் குறைத்துக்கொள்வதற்காகப் பழைய முகவரிகள் அனைத்தையும் முகப்புப் பக்கத்துக்கே திருப்பிவிடுவார்கள். அதற்கு ஒப்பாதீர்கள். வெள்ளை ஈக்கு மருந்து தேடி வந்தவர் முகப்பில் நாற்று விலையைப் பார்த்துத் திரும்பிப் போவார். கூகுளும் அதைப் பக்கம் இல்லாததாகவே கணக்கிடும். ரீடைரக்ட்டைக் குறைந்தது ஓராண்டு வைத்திருக்க வேண்டும் என்பது கூகுளின் பரிந்துரை. அதை நீக்காமலே வைத்திருப்பதில் உங்களுக்கு ஒரு நட்டமும் இல்லை.

கட்டுரைகளின் உள்ளடக்கத்தையும் ஒப்பிட்டுப் பாருங்கள். பழைய தளம் ஹோஸ்டிங் காப்பில் இல்லாவிட்டால், பழைய இணையப் பக்கங்களைச் சேமித்து வைக்கும் இன்டர்நெட் ஆர்க்கைவின் வேபேக் மெஷினில் பெரும்பாலும் கிடைக்கும். அதில் பார்த்தபோது, உங்கள் வெள்ளை ஈக் கட்டுரையில் இருந்த மஞ்சள் ஒட்டுப்பொறி பற்றிய பகுதியும், மரத்துக்கு எந்த உயரத்தில் அதைக் கட்ட வேண்டும் என்ற விளக்கமும் புதிய தளத்தில் இல்லை. அழகுக்காக நான்கு பத்திகளாகச் சுருக்கியிருக்கிறார்கள். உழவர்கள் தேடி வந்ததே அந்தப் பகுதிக்காகத்தான். அதைத் திரும்பச் சேருங்கள். கைபேசியிலும் முழுக் கட்டுரை தெரிகிறதா என்று பாருங்கள். கூகுள் இப்போது தளங்களின் கைபேசி வடிவத்தையே எடுத்துப் பட்டியலிடுகிறது.

இவற்றைச் செய்த பிறகு, உங்கள் அளவிலான தளத்துக்குச் சில வாரங்களில் மாற்றம் தெரியத் தொடங்கும். காலம் கடத்தாதீர்கள். அந்த இடத்தை வேறு தளங்கள் நிரப்பிவிட்டால், மீட்பது கடினமாகும்.

கேள்வி: தையல் இயந்திரம் பழுதுபார்க்கும் கடை வைத்திருக்கிறேன். தளம் இருந்தும், தேடும்போது வரைபடத்தில் பிற கடைகளே வருகின்றன.
– வாசகர், தஞ்சாவூர்

பதில்: வரைபடத்தில் வருவதற்குத் தளம் மட்டும் போதாது, கடையின் விவரங்களைக் கூகுளில் பதிவு செய்யும் கூகுள் பிசினஸ் புரொஃபைல் வேண்டும். அதுவும் இலவசம்தான். தேடலோடு உள்ள பொருத்தம், தேடுபவருக்கும் கடைக்கும் இடையிலான தொலைவு, கடை எந்த அளவுக்கு அறியப்பட்டது ஆகிய மூன்றையும் வைத்தே கூகுள் வரிசைப்படுத்துகிறது. தொலைவை உங்களால் மாற்ற முடியாது. பொருத்தத்துக்கு, சரியான தொழில் வகையைத் தேர்ந்தெடுங்கள். எந்தெந்த நிறுவன இயந்திரங்களைப் பழுதுபார்ப்பீர்கள், வீட்டுக்கு வந்து செய்வீர்களா, எந்த நாள் விடுமுறை என்பவற்றை நிரப்புங்கள். பெயர்ப்பலகையில் உள்ள பெயரை மட்டும் இடுங்கள். 'தஞ்சாவூர் சிறந்த தையல் மெஷின் சர்வீஸ்' என்று பெயரோடு ஒட்டினால் விதிமீறலாகிக் கணக்கு முடக்கப்படலாம்.

வேலை முடித்துக் கொடுக்கும்போது, மதிப்புரை எழுதுமாறு வாடிக்கையாளரைக் கேட்பதில் தவறில்லை. அதற்காகத் தள்ளுபடியோ பரிசோ கொடுப்பதற்கு அனுமதி இல்லை. குறை சொல்லி எழுதுபவருக்கும் பொறுமையாகப் பதில் எழுதுங்கள்; அடுத்து வருபவர் அந்தப் பதிலைத்தான் படிப்பார்.

கேள்வி: திருமணப் புகைப்படக் கலைஞன் நான். தளம் திறக்க நேரமாகிறது என்கிறார்கள். படங்களின் தரத்தைக் குறைக்க மனமில்லை.
– வாசகர், நாகர்கோவில்

பதில்: உங்கள் முகப்பில் கேமராவிலிருந்து எடுத்த கோப்புகளே நேராக ஏற்றப்பட்டிருக்கின்றன. ஒவ்வொன்றும் பல எம்பி அளவுள்ளவை. கைபேசித் திரைக்கு அந்த அளவு தேவையே இல்லை. திரைக்கு ஏற்ற அகலத்துக்குச் சிறிதாக்கி, வெப்பி (WebP) என்னும் படக்கோப்பு வடிவில் சேமித்தால், கண்ணுக்குத் தரம் குறையாமலே கோப்பின் அளவு பன்மடங்கு குறையும். பேஜ்ஸ்பீடு இன்சைட்ஸ் என்ற இலவசக் கருவியில் சோதித்துப் பாருங்கள்: திரையின் பெரிய படம் 2.5 விநாடிக்குள் தோன்றுவது நல்ல அளவு. முகப்பின் முதல் படத்துக்கு, தாமதித்து ஏற்றும் 'லேசி லோடிங்' முறையைப் போடாதீர்கள். கீழே வரும் படங்களுக்கு மட்டும் போடுங்கள். ஒவ்வொரு படத்துக்கும் நீள அகலத்தை நிரலில் குறிப்பிட்டால், படம் வரும்போது பக்கம் குதிக்காது.

கேள்வி: டி.என்.பி.எஸ்.சி. தேர்வுக்கான தளம் நடத்துகிறேன். செயற்கை நுண்ணறிவைக் கொண்டு நாளொன்றுக்கு 50 கட்டுரைகள் வெளியிடத் திட்டம். கூகுள் தண்டிக்குமா? கூகுளே மேலே விடை சொல்லிவிடுவதால் வருகையும் குறைகிறதே?
– வாசகி, விருதுநகர்

பதில்: கருவியைப் பயன்படுத்துவது மட்டுமே குற்றமாகாது என்று 2023 பிப்ரவரியில் கூகுள் தெளிவுபடுத்தியது. ஆனால் தர வரிசையைக் கைப்பற்றுவதற்காகவே பயனற்ற பக்கங்களை மொத்தமாகக் குவிப்பதை, அதை எழுதியது மனிதரா இயந்திரமா என்று பாராமல், 2024 மார்ச்சில் வெளிப்படையாக விதிமீறலாக அறிவித்திருக்கிறது. நாளொன்றுக்கு 50 என்ற உங்கள் திட்டம் அந்த விதிக்கு மிக அருகில் நிற்கிறது. அதைவிடப் பெரிய கவலை, தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகளைப் பற்றியது. இயந்திரம் ஓர் ஆண்டையோ ஒரு சட்டப் பிரிவின் எண்ணையோ தவறாகச் சொன்னால், நாளொன்றுக்கு 50 கட்டுரைகளை நீங்கள் எப்படிச் சரிபார்ப்பீர்கள்? அந்தப் பிழை ஒரு மாணவருக்கு மதிப்பெண்ணாகக் குறையும்.

நீங்களே தேர்வு எழுதியவர் என்று குறிப்பிட்டிருக்கிறீர்கள். அதுதான் உங்கள் பலம். தேர்வாணையம் வெளியிட்டிருக்கும் பழைய குரூப் 4 வினாத்தாள் ஒன்றை எடுத்துக்கொண்டு, ஒவ்வொரு கேள்விக்கும் சரியான விடை ஏன் சரி, மற்ற மூன்றும் ஏன் தவறு, பள்ளிப் பாடநூலில் எந்த வகுப்பில் எந்தப் பாடத்தில் இது வருகிறது என்று எழுதுங்கள். வாரத்துக்கு ஒரு வினாத்தாளை முடித்தாலே போதும். எழுதியவர் யார், எந்தத் தேர்வை எழுதியவர் என்பதையும் பக்கத்தில் தெரிவியுங்கள். உள்ளடக்கத்தை மதிப்பிடுவோருக்கான தன் வழிகாட்டியில் கூகுள் 2022 டிசம்பரில் சேர்த்த அளவுகோல், எழுதுபவரின் நேரடி அனுபவம்.

செயற்கை நுண்ணறிவு தொகுத்து மேலே தரும் 'ஏஐ ஓவர்வியூ' என்னும் சுருக்க விடைகள் 2024 ஆகஸ்டில் இந்தியாவுக்கு வந்தன. 'மாவட்டங்கள் எத்தனை' என்பது போன்ற ஒருவரிக் கேள்விகளுக்கு இனி எவரும் உங்கள் தளம்வரை வர மாட்டார்கள் என்றே கொள்ளுங்கள். அவற்றுக்காகத் தனிப்பக்கம் எழுதுவதை நிறுத்திவிடலாம். 'நோ-ஸ்னிப்பட்' கட்டளையால் உங்கள் வரிகள் அங்கே எடுத்தாளப்படுவதைத் தடுக்க முடியும். ஆனால் அப்போது சாதாரணத் தேடல் முடிவிலும் தலைப்பின் கீழ் வரும் விளக்க வரிகள் மறைந்துவிடும். அழுத்துபவர் எண்ணிக்கை அதனாலும் குறையலாம். ஓரிரு பக்கங்களில் மட்டும் ஒரு மாதம் இட்டு, சர்ச் கன்சோலில் அழுத்தங்களின் எண்ணிக்கையை ஒப்பிட்ட பிறகு, தளம் முழுவதற்கும் வேண்டுமா என்று முடிவு செய்யுங்கள்.